ருது ஜாதகமும் ஸ்கேன் அறிக்கையும்

தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். மகளின் மதிப்பெண்ணைப் பற்றி விசாரிக்க வரும் தாய்மார்களில் சிலர், பேச்சு முடிந்த பிறகும் எழுந்து போகாமல் பையிலிருந்து ஒரு ஸ்கேன் அறிக்கையை எடுத்து மேசைமேல் வைப்பது அண்மைக் காலமாக வழக்கமாகிவிட்டது. "எங்க பாப்பாவுக்கு நீர்க்கட்டி இருக்குதாம் டீச்சர், இனிமே இவளுக்குக் கொழந்த பொறக்குமா?" என்று கேட்பவரின் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருப்பாள். நான் மருத்துவர் அல்ல. யாருக்கும் மருந்து சொல்வதும் இல்லை. ஆனால் அந்த வயதுப் பெண்ணுக்கு ஸ்கேனில் வந்த ஒரு வரியைக் கொண்டு பிசிஓஎஸ், அதாவது நீர்க்கட்டி என்று ஊரில் சொல்லும் சினைப்பை ஹார்மோன் கோளாறு, என்று முடிவு கட்டக் கூடாது என்று மருத்துவ உலகமே எழுதி வைத்திருக்கிறது. 2018-இல் வெளிவந்து 2023-இல் திருத்தப்பட்ட பன்னாட்டு வழிகாட்டுதல், வளரிளம் பெண்களிடம் நோயைக் கண்டறிய ஸ்கேனையும் ஏஎம்ஹெச் என்ற இரத்தப் பரிசோதனையையும் பயன்படுத்த வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் எங்கள் பக்கத்துத் தாய்மார்களின் கைக்கு முதலில் வந்து சேர்வது ஸ்கேன் அறிக்கையாகவே இருக்கிறது.

இந்தக் குழப்பம் வளர்ந்த பெண்களுக்கான விதியைச் சிறுமிகளுக்கும் அப்படியே பொருத்துவதால் வருவது. 2003-இல் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள் மூன்று அடையாளங்களைக் குறித்தார்கள்: மாதவிலக்கு ஒழுங்கற்று வருவது அல்லது கருமுட்டை வெளிவராமல் இருப்பது, ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மை ஹார்மோன் மிகுந்திருப்பதற்கான அறிகுறி உடலிலோ இரத்தத்திலோ தெரிவது, ஸ்கேனில் சினைப்பை பல சிறு பைகளோடு தெரிவது. வேறு நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, இம்மூன்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ் எனலாம் என்பது அவர்கள் வகுத்த விதி. முப்பது வயதுப் பெண்ணுக்கு இது பொருந்தும். பூப்பெய்தி ஓராண்டு ஆன பெண்ணுக்கு முதலாவதும் மூன்றாவதும் இயல்பாகவே இருக்கக்கூடும். மாதம் தவறுகிறது, ஸ்கேனில் பைகள் தெரிகின்றன என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், நலமாக இருக்கும் எத்தனையோ பெண்கள் நோயாளிகளாகிவிடுவார்கள். ஆகவே வளரிளம் பருவத்துக்கு விதியை இறுக்கினார்கள்: மாதவிலக்கின் ஒழுங்கின்மையும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஸ்கேன் கணக்கில் வராது.

ஸ்கேனில் தெரிபவை உண்மையில் என்னவென்று தாய்மார்களுக்கு விளக்குவதில்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. அவை வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகளோ, வெடிக்கக் காத்திருக்கும் கொப்புளங்களோ அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கருமுட்டையைத் தாங்கிய நுண்பை. 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில் வளர்ச்சி பாதியில் நிற்பது. பூப்பெய்திய புதிதில் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் உரையாடல் முழுமையாகப் பழகியிருக்காது. பல பைகள் ஒருங்கே வளரத் தொடங்கும். ஆனால் அவற்றில் ஒன்றை முதிரச் செய்து கருமுட்டையை வெளியேற்றும் எல்ஹெச் ஹார்மோனின் திடீர் எழுச்சி மாதந்தோறும் தவறாமல் நிகழ்வதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கலாம். சினைப்பை தன் வாழ்நாளில் மிகப் பெரிதாக இருப்பதும் இந்த ஆண்டுகளை ஒட்டித்தான். ஓர் சினைப்பையில் பன்னிரண்டு பைகள் இருந்தால் மிகுதி என்று 2003-இல் வைத்த எல்லையை, கருவிகள் நுட்பமாகிவிட்டதால் 2018-இல் வளர்ந்த பெண்களுக்கே இருபதாக உயர்த்திவிட்டார்கள். அந்த எண்ணிக்கையும் பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனுக்கு உரியது. பள்ளி மாணவிகளுக்கு அதைச் செய்வதில்லை. தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கி, வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் பைகளை ஒவ்வொன்றாக எண்ணுவது கடினம். உடல் பருமனாக இருந்தால் இன்னும் கடினம். ஸ்கேன் அறவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பருவமே வராத பெண்ணுக்குக் கருப்பை இருக்கிறதா என்று பார்க்கவும், தீராத வயிற்று வலிக்குக் காரணம் தேடவும் அது தேவைப்படும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில் நாட்காட்டியை. மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி பெண்ணின் வயது அன்று, அவள் பூப்பெய்தி எவ்வளவு காலம் ஆயிற்று என்பதே. இந்தக் கேள்விக்கு எங்கள் ஊர்க்காரர்களைப் போலத் துல்லியமாக விடை சொல்லக்கூடியவர்கள் வேறெங்கும் இருப்பார்களா என்பது ஐயமே. நாளும் நாழிகையும் குறித்து ருது ஜாதகம் எழுதி வைக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. தாய்மாமன் சீர் வரிசையோடு நடந்த மஞ்சள் நீராட்டு விழாவின் பத்திரிகையோ அலமாரியில் பத்திரமாக இருக்கும். ஆனால் அதற்கு அடுத்த மாதம் என்றைக்கு வந்தது, அதற்கடுத்தது என்றைக்கு என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முதல் நாளுக்கு இருந்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கு அடுத்தடுத்த மாதங்களுக்கும் கிடைத்திருந்தால் நோயறிதலில் பாதி வேலை முடிந்திருக்கும்.

வழிகாட்டுதல் சொல்லும் கணக்கு இது. பூப்பெய்திய முதல் ஓராண்டில் மாதவிலக்கு எப்படி மாறி மாறி வந்தாலும் அது வளர்ச்சியின் இயல்பாகவே கொள்ளப்படும். ஓராண்டுக்குப் பிறகு மூன்றாண்டு வரையில், ஒரு மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள்வரை 21 நாளுக்குக் குறைந்தோ 45 நாளுக்கு மிகுந்தோ வந்துகொண்டிருந்தால் ஒழுங்கின்மை எனலாம். மூன்றாண்டு கடந்துவிட்டால் மேல் எல்லை 35 நாளாகக் குறைகிறது. ஆண்டுக்கு எட்டுக்கும் குறைவான முறை வருவதும் ஒழுங்கின்மையே. பூப்பெய்தி ஓராண்டு ஆன பிறகு ஒரே ஒருமுறை 90 நாள் தாண்டினாலும் மருத்துவரிடம் போக வேண்டும். 15 வயது முடிந்தும் பூப்பெய்தாத பெண்ணையும், மார்பு வளரத் தொடங்கி மூன்றாண்டு கழிந்தும் பருவமடையாத பெண்ணையும் காத்திருக்க வைக்கக் கூடாது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால், பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் தம் நாட்களைக் கணக்கிடும்போது பலரும் கடைசி நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். அதனால் 33 நாள் சுற்று 28 நாளாகத் தெரிகிறது. முதல் நாளிலிருந்து முதல் நாள் என்று திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாட்களைக் குறித்து வைத்தாலும் அந்தக் குறிப்பைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று எங்கள் பகுதியில் பரவலாக இருக்கிறது. மாரியம்மன் பண்டிகை, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது, அக்காவின் கல்யாணம் என்று எது வந்தாலும் மருந்துக் கடையில் நாள் தள்ளிப் போகும் மாத்திரையை வாங்கிப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதை நிறுத்திய சில நாட்களில் வரும் உதிரப்போக்கு மாத்திரையால் வந்தது. சினைப்பை தானாக நடத்திய சுற்றைப் பற்றி அது எதையும் சொல்லாது. அதேபோல, மாதம் தவறியதும் வரவழைக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டுவிட்டு "போன மாசம் சரியா வந்துச்சு" என்று மருத்துவரிடம் சொன்னால் அவரும் ஏமாறுவார். மாத்திரை போட்ட மாதங்களைக் குறிப்பேட்டில் தனியாக அடையாளமிட வேண்டும். வலிப்புக்காக வால்புரோயேட் மாத்திரை சாப்பிடும் பெண்ணாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அந்த மருந்தால் பிசிஓஎஸ் போன்ற அறிகுறிகள் தோன்றுவதுண்டு.

இரண்டாவது அடையாளமான ஆண்ட்ரோஜன் மிகுதியை உடலில் தேடுவது எளிதாகத் தோன்றும். உண்மையில் அதுதான் பெரும்பாலும் மறைக்கப்படுவது. ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961-இல் வகுத்த அட்டவணையைச் சற்று மாற்றி இன்றும் பயன்படுத்துகிறார்கள். மேலுதடு, தாடை, மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, மேல்முதுகு, கீழ்முதுகு, மேற்கை, தொடை என ஒன்பது இடங்களுக்குச் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள்; இனத்தைப் பொறுத்து நான்கு முதல் ஆறு வரையோ அதற்கு மேலோ வந்தால் மிகுதி என்பது இப்போதைய அளவுகோல். கணக்கில் கொள்ள வேண்டியது கருத்து, தடித்து, நீண்டு வளரும் முடியை மட்டுமே. மெல்லிய பூனைமுடியைச் சேர்க்கக் கூடாது. ஆனால் மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளன்று எந்தப் பெண் தாடையில் முடியோடு போவாள்? கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் பூசிப் பார்த்து, பிறகு நூலால் எடுத்து, பிறகு அண்ணனின் ரேசரை யாருக்கும் தெரியாமல் பயன்படுத்தியவளின் முகம் அறைக்குள் நுழையும்போது வழவழப்பாக இருக்கும். அம்மாவுக்கே தெரியாத செய்தியை அம்மாவின் முன்னால் அவள் சொல்லமாட்டாள். அந்தப் பெண்ணிடம் சிறிது நேரம் தனியாகப் பேசி, "எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கிறாய் கண்ணு?" என்று கேட்கும் மருத்துவரின் கேள்விக்கு எந்த இயந்திரமும் ஈடாகாது என்பது என் கருத்து. முகப்பருவைப் பொறுத்தவரை, அங்கொன்றும் இங்கொன்றுமாக வருவது இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான். சீழும் வீக்கமுமாகப் பரவி, பூச்சு மருந்துக்கு அடங்காமல் தழும்பாகும் பருவைத்தான் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள்.

உடலில் தெளிவாகத் தெரியாதபோது இரத்தத்தில் பார்க்கிறார்கள். ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனின் மொத்த அளவும், அதைப் பிடித்து வைக்கும் எஸ்ஹெச்பிஜி புரதத்தைக் கொண்டு கணக்கிடும் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனும் முதன்மையானவை. ஆணின் உயர்ந்த அளவுக்கு ஏற்ற சாதாரண ஆய்வக முறை, பெண்ணின் குறைந்த அளவைத் துல்லியமாகக் காட்டுவதில்லை. மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு பிரித்தறியும் நிறை நிறமாலை முறையில் செய்யும் ஆய்வகம் கிடைத்தால் நல்லது. கருத்தடை மாத்திரை வகையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடிவு பொய்யாகும் என்பதால், மூன்று மாதம் நிறுத்திய பிறகே பார்க்கச் சொல்கிறார்கள். பிசிஓடி (பிசிஓஎஸ்ஸுக்கு வழங்கும் இன்னொரு பெயர்) தொகுப்பு என்ற பெயரில் பத்துப் பதினைந்து பரிசோதனைகளை ஒன்றாகக் கட்டி விற்பதைப் பார்க்கிறேன். அதில் எல்ஹெச்சுக்கும், நுண்பைகளை வளரச் செய்யும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனுக்கும் உள்ள விகிதம் இரண்டுக்கு மேல் போனால் நோய் என்று கோடிட்டுக் கொடுக்கிறார்கள். இன்றைய விதியில் அந்த விகிதத்துக்கு இடமே இல்லை. வெறும் வயிற்று இன்சுலின் அளவும் நோயறிதலுக்குத் தேவையற்றது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ பேருந்தில் வரும் குடும்பத்துக்கு அந்தப் பணம் சிறிதன்று.

தேவையான சில பரிசோதனைகளோ பல நேரம் விடுபட்டுப் போகின்றன. பிசிஓஎஸ் என்பது மற்றவற்றை விலக்கிய பிறகு எட்டும் முடிவு. தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், பால் சுரப்பு ஹார்மோனான புரோலாக்டின், 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் ஆகிய மூன்றையும் பார்த்தாக வேண்டும். இவற்றில் கடைசியானதன்மேல் எங்கள் மாவட்டத்துக்குத் தனி அக்கறை வேண்டும் என்று கருதுகிறேன். சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில், இந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருந்தால் ஆண்ட்ரோஜன் மிகுந்து, முடி வளர்ச்சியும் மாதம் தவறுதலும் பிசிஓஎஸ்ஸைப் போலவே தோன்றும். அதன் மிதமான வடிவம் பருவ வயதில் வெளிப்படக்கூடும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகக் குறைபட்ட மரபணுக்கள் இரண்டும் சேர்ந்தால்தான் இது வரும். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் வழக்கமுள்ள குடும்பங்களில் அப்படிச் சேர்வதற்கான வாய்ப்பு கூடுதல். ஆகவே "அப்பாவும் அம்மாவும் சொந்தமா?" என்ற கேள்வியை மருத்துவர் கேட்காவிட்டாலும் தாய்மார் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. இந்தப் பரிசோதனைக்கு இரத்தத்தை அதிகாலையில் கொடுக்க வேண்டும். சில மாதங்களுக்குள்ளேயே குரல் தடித்து, முடி வேகமாகப் பரவினால் அது வேறு கதை. ஹார்மோன் சுரக்கும் கட்டி ஏதும் இருக்கிறதா என்று உடனே தேட வேண்டியது.

மெலிந்த பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் சாப்பிடாமல் முதல் பேருந்தைப் பிடிப்பவள், விடுதியில் தங்கி நீட் தேர்வுக்காக உறக்கத்தைச் சுருக்கியவள், உடல் இளைக்க வேண்டும் என்று இரவுச் சோற்றை நிறுத்தியவள் ஆகியோருக்கும் மாதம் தவறும். உணவும் ஓய்வும் போதாதபோது மூளை மாதச் சுற்றை நிறுத்தி வைக்கிறது. அவர்கள் சினைப்பையிலும் பல பைகள் தெரியலாம். அங்கே ஸ்கேனை நம்பி "உடம்பைக் குறை" என்று சொல்லி அனுப்பினால், நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுத்ததாகும். மறுபுறம், கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்திருப்பதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குகிறார்கள்; இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அறிகுறி. பிசிஓஎஸ் உறுதியான பெண்ணுக்கு வயதும் எடையும் எதுவாக இருந்தாலும் சர்க்கரை பார்க்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கச் செய்து இரண்டு மணி நேரத்தில் பார்ப்பதே அதற்கு மிகத் துல்லியமான முறை.

நாட்காட்டி ஒன்று சொல்கிறது, உடல் இன்னும் சொல்லவில்லை என்றால் என்ன செய்வது? வழிகாட்டுதல் அதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறது: பிசிஓஎஸ் வரும் வாய்ப்புள்ளவர் என்று குறித்து, தொந்தரவுக்கு மருத்துவம் செய்து, காலம் கழித்து மீண்டும் பார்ப்பது. பெயர் சூட்டாததால் மருத்துவம் தடைப்படாது. ஆனால் பொறுத்திருந்து பார்ப்போம் என்ற சொல் எங்கள் ஊரில் எளிதில் செல்லுபடியாவதில்லை. வீட்டில் சிலரைப் பொறுத்தவரை பெண்ணுக்கு நோய் இல்லவே இல்லை. "வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான் இருக்கும்" என்று நான்காண்டு கடந்தும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வேறு சிலருக்கு அறிக்கையைப் பார்த்த அன்றே பெண்ணின் வாழ்க்கை முடிந்துவிட்டது. அவள் மலடியாகிவிடுவாளோ என்ற அச்சத்தில் "சீக்கிரம் கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்ற அறிவுரை உறவுக்காரர்களிடமிருந்து வரத் தொடங்கும். குழந்தைத் திருமணத்துக்குப் பெயர் கெட்ட மாவட்டங்களான தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும், பதினைந்து வயதுப் பெண்ணின்மேல் அவசரமாக ஒட்டப்பட்ட ஒரு நோய்ப் பெயர் அவள் படிப்பையே நிறுத்திவிடக்கூடும். திருமணத்தால் பிசிஓஎஸ் தீராது. பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். சிலருக்குக் கருமுட்டையை வெளிவரச் செய்யும் மாத்திரை தேவைப்படும், அவ்வளவே. இதை முதல் சந்திப்பிலேயே பெண்ணின் காதுபடச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இந்த நோயுள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுதி, அதையும் கேட்டறிவது நோயறிதலின் ஒரு பகுதி என்றே வழிகாட்டுதல் கொள்கிறது.

மருத்துவத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது மருத்துவரின் வேலை. மாதத்தை ஒழுங்குபடுத்தவும் முடியைக் கட்டுப்படுத்தவும் கருத்தடை மாத்திரை வகையைக் கொடுப்பதுண்டு. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பெயரில் ஒரு மாத்திரையா என்று தாய்மார் அதிர்வார்கள், அது இங்கே ஹார்மோன் மருந்தாகவே பயன்படுகிறது என்று விளக்கினால் ஏற்றுக்கொள்வார்கள். சிலருக்குச் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மருந்தான மெட்ஃபார்மின் கொடுப்பார்கள். கேழ்வரகுக் களி தின்றால் கட்டி கரையும் என்று யூடியூபில் சொல்பவர்களுக்கு என் பதில், களி நல்ல உணவு, நாங்கள் அதைத் தின்றே வளர்ந்தோம், ஆனால் இந்த நோய்க்கு எந்த ஓர் உணவுமுறையும் மற்றதைவிட மேலானது என்று நிறுவப்படவில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாடுவது இந்த வயதில் எல்லாப் பெண்களுக்கும் சொல்லப்படுவதே. ஆனால் பூப்பெய்திய அன்றோடு பெண்ணின் கபடியையும் சைக்கிளையும் நிறுத்திவிடும் வீடுகளை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வாய்ப்புள்ளவர் என்று குறிக்கப்பட்ட பெண்ணை மீண்டும் முழுமையாக மதிப்பிட வேண்டியது, பூப்பெய்தி எட்டாண்டு நிறைவதற்குள். பன்னிரண்டில் பருவமடைந்தவளுக்கு அது இருபது வயது. அப்போது அவள் பாலக்கோட்டில் இருக்கமாட்டாள். ஓசூரில் தொழிற்சாலை வேலையிலோ, சேலத்தில் கல்லூரியிலோ, பெங்களூரில் கணவன் வீட்டிலோ இருப்பாள். பழைய அறிக்கைகள் இங்கே பீரோவில் கிடக்க, புதிய மருத்துவர் மறுபடியும் ஸ்கேனிலிருந்து தொடங்குவார். ஆகையால் பூப்பெய்திய தேதி, மாதவிலக்குத் தேதிகள், மாத்திரை போட்ட மாதங்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா என்ற விவரம் ஆகிய அனைத்தையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி, அதை அம்மாவிடம் அல்லாமல் அந்தப் பெண்ணிடமே கொடுத்து வைக்கச் சொல்கிறேன். இடையில் 90 நாள் தாண்டினாலோ, உதிரப்போக்கு நிற்காமல் போனாலோ, எட்டாண்டுக் கணக்குக்குக் காத்திராமல் அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் மகப்பேறு புறநோயாளிப் பிரிவுக்குப் போனால் போதும்.